ஆயிரத்து எண்பது கோடுகள்

"நிமிர்ந்து சொல்லுங்க தம்பி. பெட்டிகிட்டப் பேசாதீங்க, என்கிட்டப் பேசுங்க."

அட்டைப்பெட்டியில் இருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே பதில் சொன்ன விற்பனையாளன் சட்டென்று நிமிர்ந்தான். வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. எதிரே நின்ற பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். உரக்கப் பேசினாள், ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி. தலைமை ஆசிரியையாக இருக்கும் என்று அவன் முடிவுகட்டினான்.

அவளுக்கு வேண்டியது, டிஸ்க் போட்டு டிவியில் படம் பார்க்கும் புளூரே பிளேயர். மகள் கல்லூரி நாடகத்தில் வக்கீலாக நடித்திருக்கிறாள். சிரிப்பு நாடகம். அரங்கத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது இருபதாவது வரிசை. போன வாரம் வந்த சாதாரண டிஸ்கை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம்.

"எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. என் ஓரகத்திக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. பெத்தவ நான் மட்டும் ஆந்தை மாதிரி முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ்வளவு மங்கல்."

படம் மங்கலாக இருந்தால் சிரிப்புமா வராது என்று அவனுக்குத் தோன்றியது. வாடிக்கையாளரிடம் கேட்கக்கூடிய கேள்வியல்ல.

இப்போது நாடகக் குழு உயர்துல்லிய டிஸ்க் கொடுத்திருக்கிறது. அது கைப்பையில் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சொந்தபந்தம் பத்துப் பேரை மறுபடி அழைத்திருக்கிறாள். மணி நாலரை ஆகிவிட்டது.

"இந்தத் தடவை அவங்களுக்கு முன்னாடி நான் சிரிக்கணும் தம்பி."

அவள் சொன்ன வேகத்தில் அவனுக்கும் பரபரப்புத் தொற்றிக்கொண்டது. டிவி, பிளேயர் பற்றிக் கற்றுக்கொள்ளப் போகும் மாலை வகுப்பின் நோட்டைப் பிரித்தான்.

"சரி, மாடல் என்ன மேடம்?"

"பாடலே கிடையாது. முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பேச்சுத்தான்."

குறும்புக்காரி என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்து வைத்தான். வீட்டு டிவியின் நம்பர் வேண்டும் என்று விளக்கியதும், பின்பக்கத்து ஸ்டிக்கரைப் படம் எடுத்து வந்திருந்ததைப் போனில் காட்டினாள்.

படத்தை ஆயிரத்து எண்பது கோடுகளாகக் காட்டும் டிவி; கோடு கூடக்கூடத் தெளிவு கூடும். பழைய பிளேயர் கொடுத்தது ஐந்நூற்றுச் சொச்சம். டிவி, டிஸ்க், பிளேயர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எது குறைவோ அதுதான் திரையில் தெரியும் என்று நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தான். அதை அப்படியே சொன்னான். அவள் கண்ணிமைக்காமல் அவன் முகத்தையே பார்த்துக் கேட்டாள். இப்படி ஒருவர் அவன் பேச்சைக் கேட்டு நெடுநாளாயிற்று.

கல்லாவிலிருந்த முதலாளி, இரண்டு மடங்கு கோடு கொடுக்கும் பெரிய பிளேயரைக் கண்ணால் காட்டினார். அவன் ஒரு நிமிடம் தடுமாறிவிட்டு, உண்மையைச் சொன்னான்.

"அதை வாங்கினாலும் உங்க டிவியில இதேதான் தெரியும். அரை லிட்டர் பாட்டில்ல ஒரு லிட்டர் ஊத்துற மாதிரி."

பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று சிரித்தாள். சின்னதையே எடுக்கச் சொன்னாள். கூடவே நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது, வசனம் கணீரென்று இருக்கும் என்றதற்குக் கையை வீசி மறுத்துவிட்டாள்.

"எனக்கு முகம் தெரியணும். போட்டுக் காட்டுங்க, பார்த்துட்டுத்தான் வாங்குவேன்."

கடையில் அதே டிவி ஒன்று மூலையில் இருந்தது. பிளேயரை இணைத்து, டிஸ்கைப் போட்டான். அவள் ஸ்டூலை இழுத்துத் திரைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

மேடை தெரிந்தது. முகங்களை யாரோ ரப்பரால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"அன்னிக்கு மாதிரியேதான் இருக்கு" என்றாள். தோள் தொங்கிவிட்டது.

அவன் பிளேயர் பக்கம் குனிந்தான். தப்பாகச் சொல்லிவிட்டோமோ? வகுப்பில் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தான். கேபிள் சரி. டிஸ்க் சரி. பிளேயரின் செட்டிங்கைத் திறந்தான். யாரோ பழைய டிவியோடு போட்டுக் காட்டிவிட்டு, நானூற்று எண்பது கோட்டிலேயே விட்டுவைத்திருந்தார்கள். ஆயிரத்து எண்பதுக்கு மாற்றினான். திரை ஒரு நொடி இருண்டது.

பிறகு, வக்கீல் கோட்டில் மகள் வந்து நின்றாள். நெற்றியில் ஒட்டியிருந்த ஒற்றை முடிகூடத் தெரிந்தது. கேமரா நெருங்க நெருங்க முகம் திரை முழுக்க நிறைந்தது.

அம்மா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒரு கணம்தான். அடுத்து வெடித்துச் சிரித்தாள்.

"கேட்டீங்களா? என் கட்சிக்காரர் ரொம்ப நல்லவர் யுவர் ஆனர், என் வண்டியைத் திருடினப்பக்கூட பெட்ரோல் போட்டுத்தான் வெச்சிருந்தாருன்னு சொல்றா. திருடினதே இவ வண்டியைத்தான் போல."

அவனும் சிரித்தான். தான் சொன்னது பலித்துவிட்ட சந்தோஷத்தில் முதலாளியைப் பார்த்தான். அவரும் எழுந்து வந்துகொண்டிருந்தார். வாசல் டிவி பாட்டைக் கத்திக்கொண்டிருந்தது. பில் போடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடி திரையைப் பார்த்தவன், ஓரத்தில் குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படத்தை அப்போதுதான் கவனித்தான். காட்சிக்கு வைத்த டிவி; காலையிலிருந்தே சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள்.

"மன்னிச்சிடுங்க மேடம், சவுண்டே வைக்கல" என்றான், அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து. பதில் இல்லை. பாட்டையும் மீறி உரக்கச் சொன்னான்.

வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் மட்டும் திரும்பவில்லை. மகளின் உதடுகளையே பார்த்தபடி, அடுத்த வசனத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.