பன்னிரண்டாவது குரல்

பதினோரு முகமூடிகளின் வாயோரம் ஈரமாக இருந்தது.

ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தது.

ஹேமாவதி மிஸ் அதை எடுத்துக் கூடைக்குள் குப்புறப் போட்டார்.

அரங்கில் கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அந்தக் கல்லூரியில் முதன்முறையாக ஒரு கிரேக்க நாடகம். எச்சரித்தவர்கள் பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு, தன் விதியைத் தானே தேடிப்போய்க் கட்டிக்கொள்ளும் ஓர் அரசனின் கதை. ஊரின் சார்பில் அவனிடம் பேசும் குழுவில் பன்னிரண்டு மாணவிகள். பன்னிரண்டு பேரும் ஒரே வாயாகப் பேச வேண்டும். அதுதான் அந்தக் காலத்து முறை.

ஒரே வாய் என்றால் ஒரே வாய்தான். ஹேமாவதி மிஸ் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் செருக்கைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். அரசனுக்கு இருந்தால் அது செருக்கு. தனக்கு இருந்ததற்குத் தரம் என்று பெயர் வைத்திருந்தார்.

ஜெனிபாவுக்குத் திக்கும்.

குழுவுக்கு ஆள் எடுத்த அன்று ஒவ்வொருத்தியாக நிறுத்தி ஒரு வரி சொல்லச் சொன்னார். ஜெனிபா முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனால் அவள் உயரத்துக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. வரிசை நிறைய வேண்டும்.

தனியே அழைத்து, முகமூடிக்குள் வாய் தெரியாது, சும்மா நின்றால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

அவள் தலையாட்டினாள். ஐந்து வாரம், ஒரு நாள் தவறாமல் ஒத்திகைக்கு வந்து சும்மா நின்றாள்.

இப்போது திரையை விலக்கிக்கொண்டு ஜெனிபா உள்ளே வந்தாள். கூடவே அவள் அம்மா. கடலோர ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் ஜெனிபா தலையை அசைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் இவளை மேடையேற்றியதில்லை என்றார் அம்மா. நீங்கள்தான் சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்றார்.

எதைக் கண்டுபிடித்தோம் என்று மிஸ்ஸுக்குப் புரியவில்லை.

"தனியாப் பேசுனாத்தான் மிஸ் இவளுக்குத் திக்கும். கூட நாலு பேரு சேந்து சொன்னா திக்கவே செய்யாது. கோயில்ல எல்லாரோடயும் ஜெபமாலை சொல்லும்போது ஒரு நாளும் திக்குனதில்ல."



ஆள் எடுத்தது சேர்ந்து பேசுவதற்கு. சோதித்தது தனியாகப் பேசவைத்து. படிக்காத அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, இத்தனை படித்தவருக்குத் தோன்றவே இல்லை.

வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அம்மா விடவில்லை. எவ்வளவோ காது கொடுத்துக் கேட்டும் மகள் குரலை மட்டும் பிரிக்க முடியவில்லையாம். அவ்வளவு ஒட்டிப் பேசியிருக்கிறாளாம். அதைச் சொல்லும்போது அவர் முகமெல்லாம் பெருமை.

"நீங்க அவகூடச் சேந்து ஒரே ஒரு வரி சொல்லுங்க மிஸ். கேட்டுட்டுப் போயிருதேன்."

உண்மையைச் சொல்லிவிட மிஸ் வாயைத் திறந்தார். அதற்குள் ஜெனிபா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் கண் அவர் உதட்டின் மேல் இருந்தது.

விதி கதவைத் தட்டுவதில்லை, அரசே என்று இருவரும் தொடங்கினார்கள்.

திக்கவில்லை.

அந்தக் குரலை அவர் அப்போதுதான் கேட்டார். கொஞ்சம் கரகரப்பு. அடி கனத்த குரல். குழுவில் ஏதோ குறைகிறது, குறைகிறது என்று ஐந்து வாரமாகப் பதினோரு பேரையும் திட்டித் தீர்த்தாரே, அந்தக் குறை இதுதான்.

அது உள்ளேதான் இருக்கிறது என்பது மீதி வரி. அது என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை.

துணை நின்றதும் ஜெனிபாவும் நின்றாள். உ, உ என்று அந்த ஒரு எழுத்திலேயே முட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. அம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்கினார்.

இந்தமுறை தன் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார். அம்மாவுக்கு மகள் குரல் மட்டும் கேட்கட்டும் என்று.