பக்கத்து மாடிப் புகை

கன்னியப்பனின் இரும்பு கேட்டை ஸ்வாதி செருப்பைக் கழற்றித் தட்டினாள்.

“கேட்டப் பேத்துடுவ போல கீதே. இன்னாம்மா?” என்று லுங்கியை மடித்துக் கட்டியபடி வந்தார் காயலாங்கடைக்காரர்.

“உங்க மாடியிலேர்ந்து மறுபடியும் மஞ்சப் புகை வருது. என் பொண்ணு மூச்சு விட முடியாமத் தவிக்குது.”

திருமுல்லைவாயிலின் அந்தச் சந்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளிதான். ஜன்னலை அடைத்தாலும் நெடி தொண்டையைப் பிடித்தது. கைக்குழந்தை வர்ஷாவுக்கு நேற்றும் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்தார்கள். ஆசிட் புகையாக இருக்கலாம், இன்னும் சுவாசித்தால் நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர். இன்று புகை கிளம்பியதுமே குழந்தையைப் பின்தெருவில் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு நேராக இங்கே வந்திருந்தாள்.

“நான் இன்னாம்மா பண்றது? தகர ரூமை ஒருத்தனுக்கு வாடகைக்கு உட்டுகீறேன். பழைய கம்ப்யூட்டர் போர்டை ஆசிட்ல போட்டுத் தங்கம் எடுக்கறான்.”

“என் குழந்தை போயிடுச்சுன்னா, அந்தத் தங்கத்துல பொம்மை செஞ்சு தருவீங்களா?”

அவர் தலையைச் சொறிந்தார். ஸ்வாதி தம்பி சரணுக்குப் போன் போட்டாள். அவள் குரல் ஏறினாலே பைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வருபவன் அவன்.

இருமிக்கொண்டே எடுத்தான். அவள் புகையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கிட்டான். “அக்கா, போலீசு கீலீசுனு போவாத. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க. நாளைலேர்ந்து புகை வராது.”

“அடுத்த மாசம் காதுகுத்துக்கு மடியில உக்கார வெச்சுக்கப் போற தாய்மாமன் பேசுற பேச்சாடா இது? வெய்யி போனை.”

துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு படியேறினாள்.

“மேல போவாதம்மா, கண்ணு அவிஞ்சிரும்,” என்று கன்னியப்பன் பின்னாலேயே ஓடி வந்தார்.

தகரக் கதவை எட்டி உதைத்தாள். உள்ளே ஜன்னலே இல்லை. பிளாஸ்டிக் வாளி புகைந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, கையுறைகூட இல்லாமல் ஒருவன் அதன்மேல் குனிந்திருந்தான்.

“பச்சைக் குழந்தையச் சாகடிச்சுத்தான் உனக்குத் தங்கம் வேணுமாடா?” என்று அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பினாள்.

துண்டு நழுவியது.

“பாப்பா தோட்டுக்கு இன்னும் கொஞ்சந்தான்க்கா கொறையுது.”