மறுமுறைக்கு முன் ஒரு மூச்சு

ஜெயசீலனிடம் ஐரோப்பாவின் பரோக் காலத்து ஓபரா இசைநாடகத் தட்டுகள் நானூறு இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் அவர் யாருக்கும் இரவல் தந்ததில்லை. அந்தக் காலத்துப் பாடல்களில் முதல் பகுதி, கடைசியில் புதிய சங்கதிகளோடு மறுபடி வரும். அதற்கு முன் பாடகி மூச்சு இழுப்பது அந்தத் தட்டில் தெளிவாகக் கேட்கும். அவள் இறந்து நாற்பது வருடம் ஆகிறது.

"என்னங்க, போன மாசம் ஒரு மூச்சுதான் எடுத்தா. இப்ப மூணு தடவ திணறுறா," என்றாள் மனைவி ரோசலின்.

"தட்டு தேஞ்சிருக்கும்."

"தேஞ்சா கரகரங்கும். மூச்சு இளைக்குமா?"

அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கேட்கக் கேட்கக் குரல் தளர்ந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரே முறை ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்துவிட்டால், பிறகு தட்டைத் தொடவே வேண்டாம்.

"அந்தப் பொம்பள தாங்கமாட்டா. விட்டுடுங்க."

"ஒரு தடவைதான், ரோசி." ஊசியை இறக்கினார்.

முதல் பகுதி முடிந்தது. நடுப்பகுதியும் முடிந்தது. வரவேண்டிய இடத்தில் மூச்சு வரவில்லை. தட்டு சும்மா சுழன்றது. பொறுக்க முடியாமல் ரோசலின் ஆழமாக மூச்சை இழுத்தாள்.

உடனே குரல் எழுந்தது, இளமையாக, அந்தத் தட்டில் அதுவரை இல்லாத சங்கதிகளோடு.

"கேட்டியா!" என்று பூரிப்போடு திரும்பினார்.

பாட்டு நீண்டுகொண்டே போனது. ரோசலின் இழுத்த மூச்சை இன்னும் விடவில்லை. ஊசியைத் தூக்கப் போன அவர் கை பாதியில் நின்றது: பாட்டு நின்றால் அந்த மூச்சு ரோசலினுக்குத் திரும்புமா, பாடகியோடு போய்விடுமா?