சாகாத தம்பி

தம்பி இறந்ததிலிருந்து பூங்குழலிக்கு அழுகை வரவில்லை. அவளும் அவனும் சேர்ந்து பார்த்துவந்த அனிமே கார்ட்டூன் தொடரின் முடிவில் நாயகியின் தம்பி சாகிறான் என்று தோழி நஸ்ரின் சொல்லியிருந்தாள். அதைப் பார்த்தாவது அழலாமென்று போட்டால், பூங்குழலியின் டிவியில் அவன் பிழைத்துக்கொண்டான்.

தொடரை ஒளிபரப்பும் நிறுவனத்தின் சேவை மையத்தைக் கூப்பிட்டாள்.

"உங்க வீட்டுல துக்கம்னு டிவி கேமரா உங்க முகத்தைப் பாத்துச் சொல்லிச்சு மேடம். உங்க நல்லதுக்குத்தான் முடிவை மாத்தினோம்."

"என் துக்கத்துல கைவைக்க நீங்க யாரு?"

நஸ்ரின் வீட்டுக்கு ஓடினாள். பூங்குழலி சோபாவில் உட்கார்ந்ததும் அங்கேயும் அந்தப் பையன் கண் விழித்தான்.

"அடியே, நேத்து செத்துட்டான்டி! உன்னைப் பாத்ததும் எந்திரிக்கிறான். டிவி கண்ணுல படாம வெளியில நில்லு."

சொந்தத் தம்பிக்காக அழ, திருடியைப் போல அடுத்தவர் வாசலில் ஒளிய வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூடிய கதவுக்குள் நாயகி கதறினாள். வாசலில் பூங்குழலியும் கதறினாள்.