கீழ் ஆணி

மத்தியான வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து புள்ளிவிவர அலுவலகத்தின் சுவர்ப்பலகையில் விழுகிறது. ஏணிமேல் நிற்கும் வரைபடக்காரி, இரண்டு நாடுகளின் சணல் விளைச்சலை ஆண்டுக்கு ஓர் ஆணியாக, சணல் கயிறு கட்டியே காட்டுகிறாள். பச்சைக் கயிறு அவள் நாடு. பழுப்பு, ஏணியைப் பிடித்திருக்கும் கணவன் பிறந்த நாடு. உதிரும் தும்பு தரையிறங்க மனமில்லாமல் வெளிச்சத்தில் மிதக்கிறது. பச்சை மெல்ல ஏறிப் போகிறது. பழுப்பு ஓரிடத்தில் தொப்பென்று விழுகிறது. “என்னங்க, உங்க நாடு இப்படிப் படுத்துடுச்சே?” “அந்த வருஷம் வெள்ளம். பொழப்புத் தேடி நான் இங்க வந்தது அப்பதான்.” “பாக்கவே பாவமா இருக்கு. கொஞ்சம் மேல ஏத்திக் கட்டிடவா?” “கட்டேன். அப்புறம் இந்த ஏணிய யாரு பிடிக்கிறது?” அவள் குனிந்து, அந்தக் கீழ் ஆணியில் மட்டும் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்குகிறாள்.