பாட்டோட ஒரு சேதி

“நாளைல இருந்து இந்த நிகழ்ச்சி கெடையாதுன்னு சொன்னீங்களே, அது நெசமா?”

மாடிப்படி ஏறி வந்த இரைப்போடு நின்றிருந்தவரை மதிவதனி ஏற இறங்கப் பார்த்தாள். அறுபது வயது இருக்கும். வெளுத்த வேட்டி, கையில் மஞ்சள் பை. முகம் புதிது. குரல் மட்டும் ஐந்து வருடப் பழக்கம்.

“கீழ்பென்னாத்தூர் பரசுராமன் ஐயாதானே?”

“ஆமாம்மா. இந்தாங்க, நம்ம நெலத்து மல்லாட்ட. நேத்துதான் புடுங்கினோம்.” மண் வாசனை போகாத வேர்க்கடலையை மேசைமேல் வைத்தார்.

திருவண்ணாமலையில் மலைக்காற்று எஃப்.எம். கேட்பவர்களுக்கு, காலை ஏழு மணி என்றால் மதிவதனியின் ‘பாட்டோட ஒரு சேதி’தான். நேயர்கள் போன் செய்து ஒரு பழைய பாட்டுக் கேட்பார்கள். கூடவே, வேண்டியவர்களுக்கு ஒரு சேதியும் சொல்வார்கள். நாளை முதல் எல்லாமே புதுப் பாட்டு. கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், போனும் கிடையாது, பேச்சும் கிடையாது. இளைஞர்கள் வந்து குவிவார்களாம். அவர்கள் வருகிறார்களோ இல்லையோ, பழைய ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இன்று போன் செய்ததில் பாதிப் பேர், ரேடியோவைத் தூக்கிப் பரணில் போடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

“மேனேஜர் கோதண்டராமன் சார்கிட்ட நானும் கெஞ்சிப் பாத்துட்டேங்க. மேலிடத்து முடிவாம்.”

“ஒரு பத்து நிமிஷம் குடுத்தா கூட போதும்மா. இத்தன வருஷமா இதுலதான் பேசிக்கிட்டிருக்கோம். இதுவும் நின்னுபோச்சுன்னா…”

மதிவதனிக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. யாரோடு பேசுகிறார் என்பதுதான் அவளுக்குத் தெரியுமே! ஏழே காலுக்கு இவருடைய போன் வரும். “ஜோதியம்மாளுக்கு ஒரு பாட்டு. மறக்காம மாத்திர போட்டுக்கச் சொல்லுங்க.” ஏழரைக்கு அந்த ஜோதியம்மாளே லைனில் வருவார்.

“பாட்டு யாருக்கும்மா?”

“அவருக்குத்தான்.”

“அவருக்குப் பேரு இல்லயா?”

“பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா.” ஒரு வெட்கச் சிரிப்பு. “கேட்டா அவருக்கே தெரியும்.”

அதோடு விட்டாலும் பரவாயில்லை. போன வாரம், “ராத்திரி பூரா ஒரே இருமல். கஷாயம் குடிக்கச் சொல்லுங்க” என்றார். ராத்திரி இவர் இருமியது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அன்று மதிவதனி மைக்கை அணைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இன்றுதான் கடைசி நாளாயிற்றே. கேட்டுவிடுவது என்று துணிந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கய்யா. உங்க வீட்ல அம்மா இருக்காங்கதானே?”

“இருக்காங்க.”

“அவங்க நம்ம நிகழ்ச்சியக் கேக்கறாங்களா?”

“ஒரு நாள் உட்டதில்லம்மா.” அதில் பெருமை வேறு.

“கேட்டுட்டு உங்கள ஒண்ணும் சொல்றதில்லயா?”

பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டார். “எங்கிட்ட பேசறதே இல்லம்மா. பையன் கல்யாணத்துல நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்த உட்டுட்டேன். ஆறு வருஷம் ஆச்சு.”

ஊரறிய இன்னொருத்திக்குப் பாட்டுப் போட்டால் எந்தப் பெண்டாட்டிதான் பேசுவாள்? நாக்கு நுனி வரை வந்ததை மதிவதனி விழுங்கினாள். முகம் தெரியாத அந்த மனைவியை நினைத்து அவளுக்கு மனசு வலித்தது. தினமும் ரேடியோ முன்னால் உட்கார்ந்து இந்தக் கூத்தைக் கேட்டிருப்பாரே! அந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு இருக்கிறதே!

கதவு திறந்தது. பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் எவர்சில்வர் டப்பாவோடு உள்ளே வந்தார்.

“மதிவதனி நீங்கதானேம்மா? நான் ஜோதியம்மாள். நிகழ்ச்சிய நிறுத்தாதீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு…”

பரசுராமனைப் பார்த்ததும் பேச்சு அறுந்தது. அவரும் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேருக்கும் கையும் களவுமாக அகப்பட்ட முழி. ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜோதியம்மாள் மதிவதனியிடம், “வெளிய தூறுதும்மா. தலைல துண்டப் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க” என்றார்.

மதிவதனிக்குப் பொறுமை போய்விட்டது. “நிகழ்ச்சி முடிஞ்சுபோச்சும்மா. இனிமே நான் யாரு சேதியும் சொல்றதா இல்ல. சொல்றதிருந்தா நீங்களே நேரா சொல்லிக்குங்க!”

பரசுராமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லத் திரும்பினார்.

“ஜோதி… நீயும் கெளம்பி வந்துட்டியே, வீட்டுச் சாவிய எங்க வச்ச?”

ஜோதியம்மாள் டப்பாவை மேசைமேல் வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

“பாத்தீங்களாம்மா, ஆறு வருஷம் கழிச்சு எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட கேக்கற மொதக் கேள்விய!”