செவந்தியின் பேர்

புருஷன் கொம்பையா விறகுக்கட்டையை ஓங்கியபோது, அடிக்குப் பயந்துதான் செவந்தி தலையை விரித்துப்போட்டு ஆடினாள். கட்டை கீழே விழுந்தது. அதன்பிறகு அவன் அடிக்கவில்லை, தொடவுமில்லை. வாசலில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் சேலையும் குவிந்தன. அவளுக்குப் பாலும் பழமும் மட்டுமே கிடைத்தன. பக்கத்து வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, குறிகேட்க வந்த கூட்டம் கலைந்ததும் அவனிடம் கெஞ்சினாள்.

“சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லய்யா. அன்னிக்கு அடிக்குப் பயந்துதான் ஆடுனேன். ஒரே ஒருதடவ எம்பேரச் சொல்லிக் கூப்பிடு.”

கொம்பையா கற்பூரத்தை ஏற்றிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“என்னியச் சோதிக்காத தாயே. நீ சொன்னபடியே செஞ்சிடுறேன்.”

விடிந்தபோது வாசலில் பெயிண்ட் காயாத பலகை தொங்கியது: அருள்மிகு செவந்தியம்மன்.